பெயர் போடாத ஜெபச் சீட்டு

கைப்பேசியைச் சாய்த்து நிறுத்த மெர்சி டீச்சர் ஒரு பொருள் தேடினார். அலமாரியிலிருந்து வேதபுத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது கனமாட்டு இருக்கு அக்கா. நழுவாது."

"அது வேண்டாம் டீச்சர்."

"ஏன்?"

அன்றைக்கு நான் ஒரு பொய் சொல்லுவதாக இருந்தேன். அதை வேதபுத்தகத்துக்கு முன்னால் உட்கார்ந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து கொடுத்தேன். டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அதில் சாய்த்து வைத்தார்.

காலை பதினொரு மணிக்கு என் மகள் சுகந்தியின் கம்பெனிக்காரர்கள் அந்தக் கைப்பேசியில் வந்து என்னிடம் கேள்வி கேட்பார்கள். நான் சொல்லும் பதிலை வைத்து அவளுக்கு வேலை உண்டா இல்லையா என்று தீர்மானிப்பார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அவள் உழைத்த உழைப்பு, ஐந்தாம் வகுப்போடு நின்ற என் வாயில் வந்து நின்றது.

நான் நாலு பேர் முன்னால் பேசினவள் இல்லை. ஆலயத்தில் சாட்சி சொல்ல எழுப்பிவிடுவார்கள் என்று தெரிந்தால் அந்த ஞாயிறு எனக்குத் தலைவலி வந்துவிடும். வாராவாரம் இந்தப் பக்கங்களை எழுதுவதுகூட, எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால்தான்.

வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தேன். முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"அக்கா, அதப் பிடிச்சு வலிக்காதீங்க. அவியளுக்கு உங்க மொகம் மட்டுந்தான் தெரியும்."

"அவிய இப்பமே பாத்துட்டு இருக்கினுமா டீச்சர்?"

"இன்னும் வரல்ல. மணி பத்தரைதான் ஆச்சு."

முந்தானையை மறுபடி இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

நகத்தளவு

சுகந்தி என்ன வேலை பார்க்கிறாள் என்று ஊரில் கேட்பார்கள். "சிப்பு செய்கிற கம்பெனியில்" என்பேன். பூதப்பாண்டிச் சந்தையில் ஒருத்தி, "வாழைக்கா சிப்பா, மரச்சீனி சிப்பா?" என்று கேட்டாள். அவள் விளையாட்டாகக் கேட்டாளா, நிஜமாகக் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

கைப்பேசிக்குள்ளும் காருக்குள்ளும் இருக்கிற, நகத்தளவு கறுப்புத் துண்டு அது. தட்டு மாதிரி வட்டமான ஒன்றில் நூற்றுக்கணக்கில் அவற்றைச் செய்து பிறகு வெட்டி எடுக்கிறார்கள். ஒரு தட்டில் எத்தனை நல்லதாகத் தேறுகிறது என்பதுதான் அவர்களுக்கு எல்லாம். இவ்வளவும் அவள் சொல்லித் தெரிந்தது.

அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் ஆறு மாதம் வாத்தியார் சொல்லுகிற ஒன்றும் விளங்கவில்லை என்று விடுதியிலிருந்து கடிதம் போட்டாள். திரும்பி வந்துவிடுவாள் என்று நான் பயந்தேன். அவளுடைய அப்பா, "வந்தா வரட்டும், ரப்பர் மரம் இருக்கு, வெட்டுவா" என்றார். அந்தக் கோபத்திலேயே படித்து முடித்தாள் என்று நினைக்கிறேன்.

முதலில் பெங்களூரில் கம்ப்யூட்டரில் கோடு வரைகிற வேலை. பிறகு சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலை. அங்கே தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. கண் மட்டும் தெரியும். பவுடர், கண்மை, பூ ஒன்றும் கூடாது. உள்ளே போகுமுன் காற்றை அடித்துத் தூசியைத் தட்டிவிடுவார்களாம். முதல் தடவை ஊருக்கு வந்தபோது ஆலயத்துக்குப் போகப் பவுடர் டப்பாவை நீட்டினேன். அவள் கை அதைத் தொடாமல் பின்னால் போயிற்று.

அப்புறம் படி ஏறிக்கொண்டே போனாள். ஒரு இயந்திரத்துக்குப் பொறுப்பு, ஒரு அறைக்குப் பொறுப்பு, ஒரு ஷிப்டுக்குப் பொறுப்பு. கடைசியில் பினாங்கில் ஒரு தொழிற்சாலை முழுவதற்கும் தலைமை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்த வருத்தத்தை முன்பொரு வாரம் எழுதியாயிற்று.

ஒவ்வொரு படிக்கும் ஊரார் என்னிடம் மிட்டாய் கேட்டார்கள். எனக்கு ஒவ்வொரு படிக்கும் பயம்தான் கூடியது. உயரத்தில் நிற்கிறவளைக் கீழே நின்று பார்க்கிற பயம்.

கீரிப்பாறைக் கொட்டகை

நானும் தூசி பார்த்துப் பிழைத்தவள்தான். கீரிப்பாறை எஸ்டேட்டில் சுகந்தியின் அப்பா தங்கையன் ரப்பர் மரம் வெட்டினார், பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. நான் ஷீட் அடிக்கும் கொட்டகையில் இருந்தேன்.

பாலை அரித்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் விட்டுப் பரத்தி, புகையில் போட்டு எடுக்கிற ஷீட்டை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்போம். ஒரு மரப்பட்டைத் துணுக்கு, ஒரு குமிழி தெரிந்தால் கீழ்த்தர அடுக்குக்குப் போய்விடும். பள்ளிக்கூடம் விட்டு எஸ்டேட் பஸ்ஸில் வந்து இறங்கும் சுகந்தி, நான் கீழ்த்தரத்தில் போட்டதை மறுபடி எடுத்துப் பிடித்துப் பார்ப்பாள்.

"இதுல ஒண்ணும் இல்லியே அம்மா."

"மூலைல பாருட்டி."

"ஓ."

இரண்டும் ஒரே வேலைதான் என்று பின்னாளில் அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். மனசு குளிரச் சொன்னது. எங்கள் ஷீட்டில் தூசி இருந்தால் தரம் குறையும், அவ்வளவுதான். அவளுடையதில் தூசி இருந்தால் எங்கோ ஒரு நாட்டில் ஓடுகிற கார் நடு ரோட்டில் நின்றுபோகும்.

சாளைக்கறி

மழை தவறிப் பெய்த ஒரு மாதம். ஆலயத்து அறுப்பின் பண்டிகைக்கு மூன்று நாள் லீவில் வந்திருந்தாள். வந்த நேரம் முதல் போன். கொல்லையில் அயனிமரத்துக்குக் கீழே போய் நின்று, கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஆங்கிலத்தில் பேசுவாள். பேசி முடித்ததும் மரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் வைத்தேன். அவளுக்கு உயிர். இலையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன மக்ளே, உப்புக் கூடிப்போச்சா?"

"இல்லம்மா."

"பின்ன என்னத்துக்கு உண்ணாம இருக்க? மேலுக்குச் சொகமில்லியா?"

எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்து சொன்னாள். கார் கம்பெனி ஒன்றுக்குச் செய்த சிப்பில் பழுது. பாதிக்குமேல் ஆகாது. மூன்றாவது அறையில் ஒரு இயந்திரத்தில் ஏதோ கசிவு, எங்கே என்று பிடிபடவில்லை. ஏற்கெனவே கொஞ்சம் அனுப்பியாகிவிட்டது. வாங்கினவர்களிடம் உடனே சொல்லிவிட வேண்டும் என்கிறாள் இவள். சோதனை முடியட்டும், அதுவரை வாய் திறக்கக் கூடாது என்கிறார்கள் மேலே இருப்பவர்கள்.

"யாருட்டயும் சொல்லாண்டாம், கேட்டியாம்மா? இது வெளிய போச்சுன்னா எனக்க வேலயே போயிரும்."

"நான் யாருட்ட மக்ளே சொல்லப் போறேன்?"

நான் பேசாதவள் என்பதால்தான் அவள் என்னிடம் சொன்னாள்.

பெட்டி

எங்கள் ஆலயத்தில் வெள்ளிக்கிழமை பெண்கள் உபவாச ஜெபம். வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. எழுந்து நின்று கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் தங்கள் பாரத்தைச் சீட்டில் எழுதி அதில் போடலாம். பெயர் போட வேண்டியதில்லை. பெண்கள் சங்கத்துச் செயலாளர் மெர்சி டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபிப்போம். சீட்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்து, புத்தாண்டு ஆராதனைக்கு முன்னால் எரித்துவிடுவார்கள்.

அந்தப் பெட்டியில் நான் ஒரு சீட்டும் போட்டதில்லை. தங்கையன் மஞ்சள்காமாலையில் கிடந்தபோது ஒரு சீட்டு எழுதினேன். இரண்டு வெள்ளிக்கிழமை அதை முந்தானையில் முடிந்துகொண்டு போய், முடிந்தபடியே திரும்பக் கொண்டுவந்தேன். கையெழுத்தைப் பார்த்தால் நான் என்று தெரிந்துவிடுமே என்ற வெட்கம். மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் இல்லை. சீட்டுப் போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. போடவில்லையே என்பதுதான் இத்தனை வருஷமாக என்னை அறுப்பது.

சுகந்தி பினாங்குக்குத் திரும்பின மறுநாள் வெள்ளிக்கிழமை. நோட்டுத் தாளில் பாதி கிழித்து இரண்டு பக்கமும் எழுதினேன். பொத்தாம் பொதுவாகக் கேட்கக் கூடாது, காரியத்தை உள்ளபடி சொல்லிக் கேட்க வேண்டும் என்று எங்கள் உபதேசியார் அடிக்கடி சொல்லுவார். உள்ளபடி எழுதினேன். கார் வண்டி, பாதிக்குமேல், மூன்றாவது அறை, கசிவு, மேலே இருப்பவர்கள் பொறுக்கச் சொல்வது, எல்லாம். கம்பெனிப் பெயர் போடவில்லை. என் பெயரும் போடவில்லை. கர்த்தரிடம் சொல்வது யாரிடமும் சொல்வது ஆகாது என்று உண்மையாகவே நினைத்தேன்.

சீட்டு வாசித்தபோது எங்கள் வரிசையில் ஒரு தலைகூட என் பக்கம் திரும்பவில்லை. அதிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று விளங்கிற்று. எங்கள் ஊரில் சிப்புக் கம்பெனியில் மகள் இருக்கிற அம்மை நான் ஒருத்திதானே.

எங்கெல்லாம் போயிற்று

மெர்சி டீச்சர் நல்லவர். அதுதான் வினை. வெளியூரில் இருக்கிற சபைப் பிள்ளைகளும் சேர்ந்து ஜெபிக்கட்டும் என்று சீட்டின் முன்பக்கத்தை அப்படியே கைப்பேசியில் தட்டி, சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். குவைத்தில் ஜெபித்தார்கள். துபாயில் ஜெபித்தார்கள். நாற்பது பேர் கைகூப்புகிற படம் போட்டார்கள்.

ஜெர்மனியில் எங்கள் சபைக்காரர் ஒருவரின் மருமகன் இருக்கிறான். அந்தக் கார் கம்பெனியிலேயே அவனுக்கு வேலை. சுகந்தி சிப்புக் கம்பெனியில் இருப்பது அவனுக்குத் தெரியும். அவன் ஜெபித்தானா என்று தெரியாது. மறுநாள் காலை தன் மேலதிகாரியிடம் போய், "இது நம்ம சிப்பா?" என்று கேட்டுவிட்டான்.

ஒரு வாரத்தில் சுகந்தியிடமிருந்து போன் வந்தது. குரல் அவள் குரலாகவே இல்லை.

"அம்மா, நீ எதாவது எழுதினியா?"

"ஜெபத்துக்குத்தான் மக்ளே..."

பிறகு சொன்னாள். அவளை வேலைக்கு வராமல் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாங்கினவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று அடம்பிடித்தவள் அவள்தான். ஆகவே அம்மாவை வைத்து வேண்டுமென்றே வெளியே விட்டிருக்கிறாள் என்று சந்தேகம். என்னையும் விசாரிப்பார்கள்.

"நான் என்ன சொல்லணும் மக்ளே?"

"அத நான் சொல்லப்பிடாதும்மா. விசாரணை முடியுற வர நான் உன்ட்ட பேசவே பிடாது."

வைத்துவிட்டாள். பிறகு ஒன்பது நாள் போன் இல்லை. மெர்சி டீச்சர் தினமும் வந்து அழுதார். "நான் பாவி அக்கா, நான் பாவி" என்பார். அவருக்கும் நான்தான் காப்பி போட்டுக் கொடுத்துத் தேற்ற வேண்டியிருந்தது.

பொய்யை யோசித்துச் சொன்னதும் அவர்தான்.

"அவ உங்ககிட்ட சொன்னான்னு ஒத்துக்காதீங்க அக்கா. அயனிமரத்து மூட்டுல நிண்ணு போன் பேசினா, நான் அடுக்களைல இருந்து கேட்டேன்னு சொல்லுங்க. அப்ப குத்தம் அவ மேல வராதுல்லா?"

"அவ இங்கிலீஷுலல்லா பேசினா டீச்சர்?"

டீச்சர் யோசித்தார். "எடைல எடைல தமிழும் பேசினான்னு வையுங்க."

அதை ஒன்பது நாளும் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன்.

கேள்வி

பதினொரு மணிக்கு மூன்று கட்டங்களில் மூன்று பேர் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், வழுக்கைத் தலையோடு ஒருவர், சென்னையிலிருந்து எங்கள் பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு இளம்பெண். சுகந்தி இல்லை. அவள் இருக்க மாட்டாள் என்று தெரிந்தும் நாலாவது கட்டம் வருமா என்று பார்த்தேன்.

"வணக்கம் அம்மா. பயப்படாதீங்க. மெதுவா சொல்லலாம்" என்றாள் அந்தப் பெண்.

பெயர் கேட்டாள். "ஞானப்பூ" என்றேன். கேட்கவில்லை என்றாள். மறுபடி சொன்னேன்.

"அந்தக் குறிப்பில் எழுதின விஷயங்கள் உங்களுக்கு எப்படித் தெரியும்? சுகந்தி நேரில் சொன்னாங்களா, இல்லை அவங்க போனில் பேசினதை நீங்க கேட்டீங்களா?"

இரண்டாவதைச் சொன்னால் போதும். அந்தப் பெண்ணே எனக்கு வழி எடுத்துக் கொடுக்கிறாள். மேஜைக்கு அடியில் மெர்சி டீச்சர் என் முழங்காலை அழுத்தினார்.

"கொல்லைல ஒரு அயனிமரம் உண்டு" என்று தொடங்கினேன்.

கண்ணாடி அம்மாள் பேனாவை எடுத்தார்.

அதற்கு மேல் போக முடியவில்லை. போக வேண்டுமானால், கொல்லையில் நின்று ஊர் கேட்கப் பேசினாள் என்று சொல்ல வேண்டும். அவளோ கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினவள். எனக்குச் சொல்லும்போதுகூட எழுந்து போய்க் கதவைச் சாத்தினவள். தூசி படாமல் இத்தனை வருஷம் இருந்தவளை, கவனம் இல்லாதவள் என்று பெற்ற தாய் எப்படிச் சொல்லுவது?

"அவதான் சொன்னா" என்றேன். "நாந்தான் கேட்டேன். பிள்ள சோறு உண்ணல்ல. கதவச் சாத்திட்டு எனக்கு மட்டும் சொன்னா. யாருட்டயும் சொல்லாண்டாம்னும் சொன்னா."

முழங்காலில் இருந்த கை விலகியது. சென்னைப் பெண் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். கண்ணாடி அம்மாள் எழுதிக்கொண்டே இருந்தார். அவள் வேலையை நானே போக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

"சுகந்தி உங்களை எழுதச் சொன்னாங்களா?"

"இல்ல."

"அதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா அம்மா?"

ஆதாரத்துக்கு நான் எங்கே போவேன்? அப்போதுதான் மெர்சி டீச்சர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கைப்பேசிக்கு முன்னால் வந்தார். மடியில் அந்தத் தகர டப்பா. எதற்குக் கொண்டுவந்தார் என்று எனக்குத் தெரியாது. அழும்போது பிடித்துக்கொள்ள என்று நினைத்திருந்தேன்.

"நான்தான் குரூப்புல போட்டேன். மொதப் பக்கத்த மட்டுந்தான் போட்டேன். பின்பக்கம் வீட்டுக் காரியம்னு விட்டுட்டேன். நீங்களே வாசிச்சுக்கிடுங்க" என்று என் சீட்டைத் திருப்பி நீட்டினார். மறுபடியும் மறுபடியும் நேராகப் பிடிக்கச் சொன்னார்கள்.

சென்னைப் பெண் என் பென்சில் எழுத்தை எழுத்துக் கூட்டித் தமிழில் வாசித்தாள்.

"பிள்ளை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னோடு பேசமாட்டாள். அவள் அப்பாவுக்கு எழுதின சீட்டை நான் போடவில்லை. இதையாவது போடுகிறேன்."

ஆங்கிலத்தில் சொல்லுமுன் தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள். வழுக்கைத் தலைக்காரர் கண்ணாடி அம்மாளைப் பார்த்தார். "நன்றி அம்மா, அவ்வளவுதான்" என்றார்கள். கட்டங்கள் மறைந்தன. சர்க்கரை டப்பா மட்டும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமைகள்

மூன்று வாரம் கழித்து சுகந்தி கூப்பிட்டாள்.

"அம்மா, நாந்தான் அம்மைட்ட சொன்னேன்னு நான் மொதல்லயே எழுதிக் குடுத்திருந்தேன். நீ மாத்திச் சொல்லிருந்தா நம்ம ரெண்டு பேரு பேச்சையும் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டாவ."

பொய்யில் அயனிமரம் வரைக்கும் போய்வந்ததை அவளிடம் சொல்லவில்லை.

"வேலை?"

"உண்டு. தலைமை இல்ல. எனக்குக் கீழ இருந்த ஆளுதான் இப்ப எனக்கு மேல."

"எம்மேல கோவமா மக்ளே?"

"கோவந்தான்."

பொய் சொல்லாத பிள்ளை. அதன்பிறகு பல மாதம் போனில் எங்களுக்குள் இரண்டே வார்த்தை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். என்ன பிரச்சினை, யார் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை. கேட்காமல் தவிக்கிற வெப்ராளம், கேட்டுத் தெரிந்துகொண்ட பயத்தைவிட மோசம். இரண்டையும் அனுபவித்தவள் சொல்கிறேன்.

சமீபத்தில் ஒரு வியாழக்கிழமை கூப்பிட்டாள்.

"அம்மா, நாளைக்கு வெள்ளிக்கிழமைல்லா?"

"ஆமா."

"எனக்கு ஒரு காரியம் இருக்கு. ஜெபம் பண்ணச் சொல்லு."

என்ன காரியம் என்று நாக்கு நுனி வரை வந்தது. பல்லால் பிடித்துக்கொண்டேன்.

"செரி மக்ளே."

அவள் போனை வைத்தாள்.

மறுநாள் நோட்டுத் தாளில் பாதி கிழித்தேன். ஒன்றும் எழுதாமல் நாலாக மடித்துப் பெட்டியில் போட்டேன்.

மெர்சி டீச்சர் அதைப் பிரித்தார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"இதுல பேர் போடல்ல" என்றார்.

"காரியமாவது போட்டிருக்கா டீச்சர்?" என்று முன்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"காரியம் ஆண்டவருக்குத் தெரியும். நீங்க முழங்கால் போடுங்க."

எல்லாரும் முழங்கால் போட்டார்கள். நானும் போட்டேன். டீச்சர் சீட்டைத் தகர டப்பாவில் வைத்து மூடும்வரை, கைப்பேசிப் பக்கம் அவர் கை போகிறதா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.